உறை

உலகம்மாளை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவள் ஆக்சிஜன் மூடியை இரண்டு விரலால் மூக்கிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உறைய அவருகிட்ட குடுத்திருக்கேன், வாங்கிக்கிடுங்க" என்றாள். மேலே ஏதோ சொல்ல வந்து இருமினாள். நர்ஸ் அதட்டி மூடியைத் திரும்ப வைத்தாள், பார்வை நேரம் முடிந்தது என்று என்னை வெளியே அனுப்பினார்கள், மறுநாள் காலையில் கூப்பிட்டு அவர்கள் காட்டியது அவளை அல்ல, அவள் உடம்பை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோதே என் மனசு அந்த வாக்கியத்தைப் பிய்த்துப் பார்க்க ஆரம்பித்திருந்தது. முதலில் சிக்கியது உறை அல்ல, அவரு. எங்கள் வீட்டில் அவரு என்றால் நான். அவரு இன்னும் வரலை, அவரு காரம் சேக்க மாட்டாரு, அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன். கல்யாணமான நாளிலிருந்து என் பெயரை அவள் வாயால் நான் கேட்டதில்லை, அதற்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது இந்த ஒரு சொல், இதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது என்று இருந்தேன். அதைத்தான் என் முகத்துக்கு நேரே, மூச்சு இழுக்கிற நேரத்தில், இன்னொரு ஆளுக்குத் தூக்கிக் கொடுத்தாள். யாரு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஆசீர்தான். காலேஜில் பிசிக்ஸ் நடத்தி ஓய்வு பெற்றவர், மனைவி கிரேஸ் மகளோடு பெங்களூரில் பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இவர் இங்கே தானே சமைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார். உறை என்ன என்பதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நான் ரயில் தபாலில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கும் வேலை பார்த்தவன். எல்லாரும் கவர் என்பார்கள், நான் உறை என்பேன், புத்தகம் பார்த்து நானாகப் படித்துக்கொண்ட தமிழில் அப்படித்தான் இருந்தது. புதுசில் உலகு, "கவர்னு சொன்னா நாக்கு வெந்துருமோ" என்று கேட்டாள். பிறகு கேலிக்காக அவளும் சொல்ல ஆரம்பித்தாள். தபால்காரர் எதைப் போட்டுவிட்டுப் போனாலும், "உங்க உறை வந்திருக்கு, எந்திரிச்சு வாங்க". கேலி தேய்ந்து தேய்ந்து வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஆகவே அவள் ஓர் உறையை ஆசீரிடம் கொடுத்திருக்கிறாள். நான் அதை அவரிடம் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்கவில்லை. அவரும் தரவில்லை.

இப்போது மத்தியானம். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஃப்ரிட்ஜுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மேலே ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்கள் படுத்திருக்கின்றன. கடையில் வாங்கியவை, மூடி உடைக்காதவை, ஒன்றோடொன்று இடிக்காமல் துணி விரித்து வைத்திருக்கிறேன். வானொலியில் செய்தி வாசிக்க ஆரம்பித்தபோது வைத்தது. கதவைத் திறந்து பார்க்கக் கூடாது. திறந்தால் அதிர்வு, அதிர்ந்தால் போச்சு. பாளையங்கோட்டை வெயில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாதபடி காய்ச்சி வைத்திருக்கிறது, என் முதுகு வேர்வையில் பனியனோடு ஒட்டியிருக்கிறது, ஒரு கை தூரத்தில் இந்தத் தகரக் கதவுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர் பனிக்கட்டியைவிடக் குளிர்ந்து போய், ஆனாலும் தண்ணீராகவே கிடக்கிறது, கிடக்க வேண்டும். கிடக்கிறதா? தெரியாது. அதுதான் இதில் உள்ள சித்திரவதை. ஃப்ரிட்ஜ் ஒரு முறை உடம்பைக் குலுக்கிக்கொண்டு ஓட ஆரம்பிக்கும்போது ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன். அந்தக் குலுக்கலிலேயே உள்ளே எல்லாம் வெளுத்துப் போயிருக்கலாம். நான் பார்க்காதபோது. மறுபடியும் நான் பார்க்காதபோது. என்னத்துக்கு இந்த வயசில் இது என்று அவள் இருந்தால் கேட்பாள். இல்லை, கேட்கமாட்டாள், அவள்தான் பார்த்துவிட்டாளே. அவள் பார்த்தது என்ன என்று எனக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் காட்டாமல், அந்த ஆள் பக்கத்தில் நிற்காமல், என் வீட்டு ஃப்ரிட்ஜில், என் கையால்.

அன்றைக்கும் இதே மாதிரி வெயில். நான் முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசீர் வந்தார். வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். "அண்ணாச்சி, மதினி இருக்காங்களா, ஒரு வித்தை காட்டணும்" என்று என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போனார். கையில் கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி கொடுப்பார்களே, அந்தச் சின்னத் தண்ணீர் பாட்டில். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி மெதுவாகக் கொண்டுபோனார். மதினி. அந்தச் சொல்லைப் பற்றி எவ்வளவு நாள் நினைத்திருக்கிறேன். அவர் குடிவந்த அன்று என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டார், எனக்கு மனசு குளிர்ந்தது, சரி என்று விட்டேன். அண்ணாச்சியின் பெண்சாதி மதினிதானே. அவர் அவளை அக்கா என்று கூப்பிட்டிருந்தால் இந்த வீட்டில் அவர் சிரிப்பு இவ்வளவு தூரம் வந்திருக்காது. மதினி என்றால் கொழுந்தன் கேலி செய்யலாம், பதிலுக்கு மதினியும் நாலு வார்த்தை விடலாம், யாரும் ஒன்றும் சொல்லிக்கொள்ள முடியாது, ஊர் வழக்கமே அப்படித்தான். எனக்கு ஒரு மரியாதை கொடுத்து அதன் வழியாக அந்த உரிமையை எடுத்துக்கொண்டார். "மதினி, இன்னைக்குப் புளிக்குழம்பா, வாசனை என் பேன்ட் சர்ட்டெல்லாம் ஏறிட்டு." "உங்க பேன்ட் சர்ட்டுக்குச் சோறு போட முடியாது, கிண்ணத்தக் கொண்டாங்க." கிண்ணம் போகும். கழுவித் திரும்பி வரும்போது அதில் ரவா கேக், கிறிஸ்துமஸ் என்றால் முறுக்கு, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனி. வெறும் கிண்ணம் ஒரு நாளும் வந்தது கிடையாது. அன்று சமையலறையில் அவர் குரல் ஏதோ விளக்குகிற குரலில் தாழ்ந்து போயிற்று. மேடையில் டொக் என்று ஒரு சத்தம். அதன் பிறகு உலகு சிரித்தாள். அவள் சிரிப்பு எனக்குத் தெரியும், வாயைப் பொத்திக்கொண்டு மூக்கால் சிரிப்பாள். இது அது இல்லை. வாய் திறந்து, தொண்டை திறந்து, பாவாடை சட்டை வயசுப் பிள்ளை சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவள் எங்கே வைத்திருந்தாள்? "ஏங்க, ஓடி வாங்க, ஓடி வாங்க!" நான் பேப்பரை மடித்து, கண்ணாடியைக் கழற்றி, கைலியைச் சரிசெய்துகொண்டு போனபோது, பாட்டில் முழுக்க வெள்ளையாக இருந்தது. அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். நான், "ஐஸ்தானே" என்றேன். "உங்களுக்கு எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வரத் தெரியும்" என்றாள். ஆசீர் என் தோளில் தட்டி, "தண்ணியா இருந்துச்சு அண்ணாச்சி, கண்ணு முன்னால ஐஸ் ஆயிட்டு, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு வச்சுத் தாரேன்" என்றார். வேண்டாம் என்றேன். அவள் சிரித்தது வித்தைக்கா, அதற்கு முன் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசிய எதற்காவதா என்று எனக்குத் தெரியவில்லை. டொக் முதலில் கேட்டது, சிரிப்பு பிறகு. ஆனால் சிரிப்பின் ஒரு துளி டொக்குக்கு முன்பே கேட்டதாகவும் ஒரு ஞாபகம். எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் இந்த இடத்தில் ஞாபகம் அறுந்து அறுந்து போகிறது.

அவள் போன பிறகு மாவட்ட நூலகத்தில் போய் உட்கார்ந்து இதைப் படித்தேன். தண்ணீர் உறைகிற அளவுக்குக் குளிர்ந்துவிட்டால் மட்டும் போதாதாம். முதல் துளி பனி எதையாவது பிடித்துக்கொண்டுதான் உண்டாக வேண்டும். ஒரு தூசி, பாட்டிலின் உட்சுவரில் ஒரு கீறல், எங்கிருந்தோ விழுந்த பனித்துகள். சுத்தமான தண்ணீர், வழவழப்பான பாட்டில், ஆடாமல் அசையாமல் இருந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படாது. அப்போது அது உறைநிலைக்கும் கீழே இறங்கி, உறையாமல், என்ன செய்வது என்று தெரியாத மாதிரி நிற்கும். யாராவது ஒரு தட்டு தட்டினால் போதும். எங்கோ ஒரு புள்ளியில் பனி பிறந்துவிடும், அந்தப் பனியே பக்கத்துத் தண்ணீருக்குப் பிடிமானமாகும், அது அதற்குப் பக்கத்துக்கு, அப்படியே பாட்டில் முழுக்க ஓடிவிடும். இது எனக்குப் புரிந்தது. புரியாமல் நான் மறுபடி மறுபடி வாசித்த வரி வேறு. உறையும்போது தண்ணீர் தன்னிடமிருந்து சூட்டை வெளியே விடுகிறது, ஆகவே பாட்டில் பனியாக மாறிய பிறகு முன்னைவிடச் சற்றுச் சூடாக இருக்கும். அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சூட்டையா? அவர் சொல்லி வைத்தாளா, தானாக வைத்தாளா? படித்ததைச் செய்து பார்ப்பது வேறாக இருந்தது. முதலில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துப் பழைய பாட்டிலில் ஊற்றி வைத்தேன், எல்லாம் கல்லாகிவிட்டது. பழைய பாட்டில் முழுக்கக் கீறல். பிறகு புது பாட்டில் வாங்கி வைத்தேன். பொறுக்காமல் சீக்கிரம் எடுத்தேன், மேடையில் தட்டினேன், தண்ணீர் தண்ணீராகவே சிரித்தது. இன்னொரு நாள் அசந்து தூங்கிவிட்டேன், கட்டி. அதிகமாகவும் இல்லாமல் குறைவாகவும் இல்லாமல் ஒரு நேரம் இருக்கிறது, அது அந்த ஆளுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. எல்லாம் இப்படித்தான். அடக்கம் செய்த அன்று நான் அழவில்லை. எனக்கு வரவில்லை. ஆசீர் தூணைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். தென்காசியிலிருந்து வந்த அவள் சொந்தக்காரர் ஒருவர் என்னிடமே, "அவுக யாரு, கூடப் பிறந்தவரா?" என்று கேட்டார். பக்கத்து வீடு என்றேன். "நல்ல மனுஷன்" என்று அவர் போய் ஆசீரின் முதுகைத் தடவிக் கொடுத்தார். என் முதுகை யாரும் தடவவில்லை. என் பெண்சாதிக்கு அழுகிற வேலையையும் அவர் வாங்கிக்கொண்டார். அந்த உறையில் என்ன இருக்கும்? அவளுக்கு அதிகம் எழுதத் தெரியாது. அவளுக்காக அவரே எழுதிக் கொடுத்திருப்பாரோ? அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினாரோ? எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவளுக்கு என்னிடம் சொல்லாத ஒரு வார்த்தை இருந்திருக்கலாம். சொல்லாததை அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் அதைப் படித்துவிட்டு, இந்த மனுஷனுக்கு இதைக் கொடுத்தால் தாங்கமாட்டார் என்று எனக்கு இரக்கப்பட்டு வைத்திருக்கலாம். இரக்கம். அதை நினைத்தால்தான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிடுகிறேன். உட்காருகிறேன். ஆடக் கூடாது, தரை அதிரும்.

சுவருக்கு அந்தப் பக்கம் கிரீச் என்று ஒரு சத்தம். காலையிலிருந்து கேட்கிறது. இப்போதுதான் காது அதை எடுத்துப் பார்க்கிறது. அட்டைப் பெட்டிக்கு ஒட்டுகிற டேப்பை இழுக்கிற சத்தம் அது, தபாலில் பார்சல் கட்டுகிற இடத்தில் வருஷக்கணக்காகக் கேட்டது. எதைக் கட்டுகிறார்? மறுபடி கிரீச். பீரோ கதவு மூடுகிறது, ஏதோ நகர்கிறது. வீட்டைக் காலி செய்கிறாரா? செய்யட்டும். போகட்டும். இனிமேல் படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்க வேண்டாம், மீன் வறுக்கிற வாசனை வேண்டாம், சுவர் வழியாக அந்தச் சிரிப்பு வேண்டாம். அப்படி நினைத்து முடிக்கவில்லை, அடுத்த நினைப்பு கழுத்தைப் பிடித்தது. அவர் போனால் அதுவும் போகும். அவள் கொடுத்தது அந்தப் பெட்டிகளில் ஒன்றில் இருக்கிறது, டேப் ஒட்டியாகிவிட்டது, நான் கேட்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் இன்றைக்கு வேண்டாம் என்று தள்ளியது, சுவர் இருக்கிறவரை அது அங்கேயே இருக்கும் என்ற தைரியத்தில்தான் போலிருக்கிறது. போய்க் கேட்க வேண்டியதுதானே? எழுந்தேன். வாசல் வரை போனேன். என்ன என்று கேட்பது? என் மனைவி உங்களிடம் கொடுத்ததை எனக்குத் தாருங்கள். வாயில் வைத்துப் பார்த்தேன், பிச்சை மாதிரி இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

காலிங் பெல் அடித்தது. ஆசீர். முண்டா பனியன், தோளில் துண்டு, முழங்கையில் டேப்பின் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. "என்ன அண்ணாச்சி, தூங்குதீங்களா? கண்ணெல்லாம் ஒரு மாதிரி இருக்கு." இல்லை என்றேன். "நான் சாயங்கால ரயில்ல பெங்களூர் போறேன். கிரேஸ் ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டா. தனியாக் கிடந்து என்னமும் ஆயிட்டுன்னா யாரு பாப்பான்னு. மக அங்கிருந்தே சாமானுக்கு வண்டி பேசியிருக்கா, நாளைக்கு வந்து ஏத்துவாங்க, சாவிய உங்ககிட்டத் தந்துட்டுப் போலாமான்னு." நான் சாவியைப் பார்த்தேன். அவர் சாவியை நீட்டிக்கொண்டே இருந்தார். வாங்காமல், நானே எதிர்பாராமல், "உலகு உங்ககிட்ட ஒரு உறை குடுத்தா" என்றேன். குரல் எனக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் பயமும் வரும் என்று இத்தனை நாள் எதிர்பார்த்திருந்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடி, கேட்டுட்டீங்களா! இன்னைக்கும் கேக்கலைன்னா என்ன செய்யன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன்." நான், "அது எங்க?" என்றேன். "அது அன்னைக்கே ஊத்தியாச்சே." "ஊத்தியாச்சா?" "பிறகு, வச்சிருந்தா கெட்டுல்லா போவும்? தினமும் ஊத்துதேன் அண்ணாச்சி. ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சலாக் கிடந்தப்பக்கூட எந்திரிச்சு ஊத்தினேன்." உறையை எப்படி ஊற்றுவது? அவர் என்னைக் கேலி செய்கிறாரா? "பிரிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "எதைப் பிரிக்க?" "உறைய." அவர் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, "அண்ணாச்சி, தயிருக்கு ஊத்துத உறை. உறைமோர்" என்றார். அவர் சொல்லிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் உலகு மூச்சு வாங்க வாங்க எவர்சில்வர் சம்புடத்தைக் கொண்டுவந்து கொடுத்தாளாம். அவள் தென்காசியிலிருந்து கல்யாணமாகி வரும்போது அவள் அம்மா கொடுத்துவிட்ட மோரிலிருந்து விடாமல் வருகிற உறையாம் அது. "நான் வாரதுக்குள்ள இந்த மனுஷன் பாலையும் கெடுத்து உறையையும் தொலைச்சிருவாரு. நீங்க தினமும் பாலக் காய்ச்சி ஊத்திக்கிட்டு வாங்க தம்பி" என்றாளாம். நான், "ஏன் இவ்வளவு நாள் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். ஆசீர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "மதினி கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க. 'அவரு வந்து கேட்டாக் குடுங்க, நீங்களாக் கொண்டுபோய்க் குடுத்திராதீங்க. எந்தக் காலத்துல அவரு வாயத் தொறந்து இன்னது வேணும்னு கேட்டிருக்காரு? ஒரு நாள் கேக்கட்டும், பாப்போம்'னாங்க. விளையாட்டாத்தான் சொன்னாங்க அண்ணாச்சி. திரும்பி வருவேன்னுல்லா நினைச்சாங்க. பிறகு அவங்களே போயிட்டாங்க, சத்தியத்த என்ன செய்ய? இருங்க, கொண்டு வாரேன்." சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அவரு வந்து கேட்டால். அந்த இடத்தில் அவரு நான்தான். அவர் வீட்டு வாசலில் நின்று அவள் சொன்னபோது அவரு நான், என் முன்னால் ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவரு அந்த ஆள். இதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்க வேண்டும். அவரை அவள் தம்பி என்றுதான் கூப்பிட்டாள் என்பதிலும் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை. தினமும் ஊற்றியிருக்கிறார். அதாவது தினமும் சாப்பிட்டிருக்கிறார். நான் கடைத் தயிர்ப் பாக்கெட்டின் மூலையைக் கத்தரியால் வெட்டி, அந்தச் சுண்ணாம்பு மாதிரி இருப்பதைச் சோற்றில் பிழிந்து தின்றுகொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அவர் என் வீட்டுத் தயிரைச் சோற்றில் போட்டுப் பிசைந்து, உப்பு நார்த்தங்காயைக் கடித்துக்கொண்டு, அவள் இறந்த அன்றும், பதினாறாம் நாள் கழிந்தும், நேற்றும். உறையில் கடிதம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை ஒரு தடவைதான் படிக்கலாம். கால் என்னைச் சமையலறைக்குக் கொண்டுபோனது. ஃப்ரீசர் கதவைத் திறந்தது நான் யோசித்து இல்லை. வெள்ளைப் புகை முகத்தில் விழுந்தது. முன்னால் கிடந்த பாட்டிலை எடுத்தேன். தண்ணீர். சின்ன அசைவுகூட இல்லாத தெளிந்த தண்ணீர், அதன் வழியாக மறுபக்கம் என் விரல் ரேகை பெரிதாகத் தெரிந்தது. குறைவான நேரம், இதுவும் போச்சு என்று எரிச்சலோடு மேடையில் வைத்தேன். சற்று பலமாக வைத்திருப்பேன். டொக். கழுத்துக்குக் கீழே ஒரு வெண்ணூல் பிறந்தது. பிறந்ததும் அது கிளைத்தது. கிளைகள் ஒவ்வொன்றும் இறகு இறகாக விரிந்து, அவசரமே இல்லாமல், ஆனால் நிறுத்த முடியாதபடி, கீழே இறங்கிக்கொண்டே வந்தன. மேலே வெள்ளை, கீழே தண்ணீர், நடுவில் அந்த விளிம்பு, ஒரு திரையை இறக்குவது போல. அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் மிச்சம் இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் இல்லை. என் வாய் திறந்திருந்தது. ஓடி வா என்று கூப்பிடுகிற இடத்தில் வாய் திறந்து நின்றது, கூப்பிட ஆள் இல்லை. பாட்டிலைக் கன்னத்தில் வைத்தேன். சூடு ஒன்றும் தெரியவில்லை. சுரீர் என்றுதான் இருந்தது.

ஆசீர் சம்புடத்தோடு உள்ளே வந்துவிட்டார். "அடடே, நீங்களே வச்சீங்களா! நான் பாக்கலியே, போச்சே" என்று பிள்ளை மாதிரி அங்கலாய்த்தார். அவர் பார்க்கவில்லை என்பது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமில்லை. "அன்னைக்கு மதினி என்ன சிரிப்புச் சிரிச்சாங்க!" என்றார். "எதுக்குச் சிரிச்சா?" என்று கேட்டேன். இன்று எதையும் கேட்கலாம் போலிருந்தது. "நான் விளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தேன். பாலுக்கு உறை ஊத்துத மாதிரிதான் மதினி, தண்ணிக்கும் ஒரு உறை வேணும், அது அகப்படாம நிக்கி, உறையணும்னு இருக்கு, எங்க ஆரம்பிக்கன்னு தெரியலன்னு சொன்னேன். மதினி பட்டுன்னு, 'இது அப்படியே எங்க வீட்டு அவரு'ன்னாங்க. சொல்லிட்டு அவங்களே தட்டினாங்க. அது உறைஞ்சுது, அவங்க சிரிச்சாங்க பாருங்க!" என்னைச் சொல்லித்தான் சிரித்திருக்கிறாள். வேறு ஒன்றும் இல்லை. வேறு ஒன்றும் இல்லை என்பது நெஞ்சில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே ஒரு முள்ளாக நின்றது. என்னைப் பற்றி அவ்வளவு சரியாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, அதை என்னிடம் சொல்லாமல் இவரிடம் சொல்லியிருக்கிறாள். சம்புடத்தைத் திறந்து பார்த்தேன். கெட்டித் தயிர், மேலே லேசாக ஏடு. ஆனால் பாதிதான் இருந்தது, கரண்டி வெட்டிய இடம் சரிவாகத் தெரிந்தது. "மீதி?" என்றேன். "மீதிய ஒரு டப்பாவுல போட்டுக்கிட்டேன் அண்ணாச்சி. பெங்களூருக்கு." "அதையும் கொண்டாங்க." அவர் சிரித்தார், நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து. நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார். "உறை ஒரு ஸ்பூன் இருந்தாப் போதுமே அண்ணாச்சி, உங்களுக்குப் பாதியே அதிகம்லா." "போதும் போதாதுங்கறது இல்ல. அது எங்க வீட்டு உறை." அவர் துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். கடைசியில், "உங்களுக்குக் குடுக்கச் சொன்னதக் குடுத்துட்டேன். தினமும் ஊத்தினது நான்லா? அதை மட்டும் கேக்காதீங்க" என்றார். குரல் உடைந்திருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு அழுத அன்று கேட்ட அதே குரல். இவர் திருடி வைத்திருக்கவில்லை, காவல் இருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரிந்தது. தெரிந்தும், கொண்டுபோங்கள் என்று என் வாயிலிருந்து வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ரயிலுக்கு நேரமாகுது" என்று மட்டும் சொன்னேன். "வாரேன் அண்ணாச்சி. இளஞ்சூட்டுல ஊத்துங்க, கொதிக்கக் கொதிக்க ஊத்திராதீங்க, செத்துப் போவும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆட்டோ வந்து நின்ற சத்தமும் கிளம்பிய சத்தமும் கேட்டன. நான் ஜன்னலுக்குப் போகவில்லை. பாலைக் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு, சுண்டு விரலை விட்டு விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் குளிர் அதிகம், அங்கே தயிர் சீக்கிரம் உறையாது, சில நாள் உறையாமலே பாலாக நின்றுவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை நினைத்துக்கொண்டே ஒரு ஸ்பூன் எடுத்து ஊற்றி, தட்டு போட்டு மூடினேன். உறை இப்போது பாதி இங்கே இருக்கிறது, பாதி ரயிலில் போய்க்கொண்டிருக்கிறது.